வில்லுக்குத் தடி: கச்சான் காற்றுக்கு முதல் வெட்டி, மாரிக்கு முதல் முடிப்பது

திருக்கோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊரில் வடமோடிக் கூத்து ஆடப் போகிறார்களாம், அருச்சுனனுக்கு ஒரு வில் வேண்டும். அட்டை வில்லில் அவருக்கு விருப்பமில்லை. கூத்து முடிந்த பிறகும் அம்பு விடக்கூடிய உண்மையான வில்லாக இருக்க வேண்டும் என்று ஆசை. வேலியில் நின்ற பூவரசில் தடி வெட்டி, அடுத்த நாளே செதுக்கி நாண் கட்டியிருக்கிறார். ஒரு கிழமையில் நாணைக் கழற்றினாலும் நிமிராமல் அரிவாள் மாதிரி வளைந்தே கிடந்ததாம். அப்புறம் இன்னொரு தடியை வெட்டி முற்றத்து வெயிலில் காயப்போட்டார். நாலாம் நாள் இரண்டு முனையிலிருந்தும் வெடித்துவிட்டது. "எந்த மரம் எடுக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, முதல் தடியைக் கெடுத்தது ஈரம், இரண்டாவதைக் கெடுத்தது அவசரம். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பதுதான் கதை. செதுக்குகிற வேலை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். தடியைத் தயார் செய்யத்தான் மாதக்கணக்கு. நம்ம ஊரில் அந்த மாதங்களைக் காற்றைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பேச்சு ஒழுங்கு. வில்லில் அம்பு போகும் திசையைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்கிறேன். வில் வளையும்போது முதுகு இழுபடும், வயிறு நெரிபடும். மரத்தில் ஈரம் இருந்தால் வயிற்றுப் பக்கத்தில் நெரிபட்ட நார் திரும்ப எழும்பாது. உங்கள் பூவரச வில்லுக்கு நடந்தது இதுதான். மிஞ்சிக் காய்ந்துவிட்டால் முதுகில் ஒரு நார் கிளம்பி, பட்டென்று இரண்டாகப் போகும். இரண்டுக்கும் நடுவில், மரத்தில் 8 முதல் 10 சதவீதம் ஈரம் இருக்கிற இடத்தைத்தான் வில் செய்பவர்கள் தேடுகிறார்கள்.

சரி, மரம். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் யூ மரம், எல்ம், ஓசேஜ் ஆரஞ்சு என்று எழுதியிருப்பார்கள். யூ மரத்துக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்றால், 1472இல் இங்கிலாந்தில் ஒரு சட்டமே போட்டார்கள்: வெளியிலிருந்து வரும் கப்பல்கள் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் நாலு வில்தடி கொண்டுவர வேண்டும் என்று. அது அவர்களுடைய காலநிலைக்கு வளர்ந்த மரம். நாம் நம்மிடம் உள்ளதைப் பார்ப்போம்.

என் முதல் தெரிவு சாவண்டலை. சமண்டலை என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலத்தில் இதற்கு ஊர்ப்பெயரே வைத்திருந்தார்கள், 'திருக்கோணமலை மரம்' என்று. 19ஆம் நூற்றாண்டில் இது இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போய், அங்கே கரையில் உடையும் அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. அலை தூக்கி அடிக்கும்போது விட்டுக்கொடுத்துத் திரும்பி நிமிர்கிற மரம் என்பதால்தான் அதைத் தேடினார்கள். வில்லுக்கும் அதே குணம்தான் வேண்டும். நார் பெரும்பாலும் நேராக ஓடும், ஆப்பு வைத்தால் பிளக்கும். வண்டித் துலாவுக்கும் கோடாலிப் பிடிக்கும் பழைய ஓடாவிமார் இதைத்தான் எடுப்பார்கள்.

அடுத்தது சடைச்சி. இதன் இனத்து மரத்துக்கு வடமொழியில் வில்லை வைத்தே பெயர் உண்டு, தன்வனம் என்று. இந்தியாவில் காவடித் தண்டுக்கும் கருவிப் பிடிக்கும் போகிற மரம். இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி தொங்க, நடக்க நடக்கத் துள்ளுகிற காவுதடி முறியாமல் இருக்கிறதென்றால் அந்த மரத்தில் வில் வரும். எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் நான் பார்க்கும் பரீட்சை. அந்த ஊர்க்காரர் மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் எதைப் பிடி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நூறு புத்தகம் படித்ததற்குச் சமம்.

பூவரசு கெட்ட மரமில்லை. வண்டிச் சில்லுக்கே போன மரம். வேலிப் பூவரசில் நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். வருடா வருடம் கிளை வெட்டி வெட்டி உடம்பெல்லாம் கணு. நேராக ஓடிய ஆறடி அகப்பட்டால் தாராளமாக எடுங்கள்.

வேண்டாம் என்று சொல்பவை: முதிரை. பார்க்க எவ்வளவு வடிவு! ஆனால் நார் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த அடுக்கில் மறுபக்கம் சாய்ந்து பின்னிக்கொண்டு வளர்கிறது. அந்தப் பின்னல்தான் பட்டு மாதிரி மினுக்கம் தருவது, வில்லை முறிப்பதும் அதுதான். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடி கிளப்பும். வேம்பிலும் புளியிலும் இதே பின்னல் உண்டு. பாலை இரும்பு மாதிரிக் கனம், ஆப்பு செய்ய வைத்துக்கொள்ளுங்கள். கருங்காலியை நினைக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் போய் வெட்டினால் நேரே வழக்கு. சொந்த வளவில் வெட்டிய மரத்தை றோட்டில் ஏற்றிப் போவதற்கும் அனுமதி கேட்பார்கள், பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடுங்கள். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் விழுத்தக் கூடாது. செய்த வில்லைக் கொண்டு மான், மரை என்று புறப்படவும் வேண்டாம். அதற்கும் 1937இலிருந்தே சட்டம் இருக்கிறது.

மரம் நிற்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், கண் இருந்தால். ஐந்து ஆறு அங்குல விட்டம் போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு சாண் கூட்டி, கிளையோ கணுவோ இல்லாத நீளம் வேண்டும். பட்டையில் ஓடும் வெடிப்புக் கோடுகளை வடிவாகப் பாருங்கள். அவை மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறினால் உள்ளே நாரும் அப்படித்தான் முறுக்கி ஏறுகிறது, விட்டுவிடுங்கள். சாய்ந்து வளர்ந்த மரமும் வேண்டாம். அது தன்னைத் தாங்கிப் பிடிக்க ஒரு பக்க நாரை இறுக்கி வைத்திருக்கும், பிளந்து விட்டதும் அந்த இறுக்கம் கோணலாக வெளியே வரும்.

எப்போது வெட்டுவது? தை கடைசி, மாசி. மாரி முடிந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முதல். மழை குடித்த மரத்தில் பட்டையும் இலகுவாக உரியும். பங்குனி, சித்திரையில் நிழலில் மெதுவாகக் காய்ந்து, வைகாசிக்குப் பிறகு அடிக்கிற அந்த வறண்ட கச்சான் காற்றில் மிச்ச ஈரத்தை விடட்டும். ஆவணியில் செதுக்குங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது வில் கையில் இருக்க வேண்டும். கச்சான் நேரத்தில் பச்சை மரத்தை வெட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டிய மரத்தில் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: இரண்டு வெட்டு முகங்களையும் அடைப்பது. மரம் என்பது குழாய்களை அடுக்கிக் கட்டிய கட்டு மாதிரி. வெட்டு முகத்தில் அந்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டில் போவதைவிட அங்கே ஈரம் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். முனை காய்ந்து சுருங்கும், நடு இன்னும் பச்சை, அது சுருங்க விடாது. வேறு வழியில்லாமல் முனை வெடிக்கும். பெயின்ட், தச்சு வேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசை, உருக்கிய மெழுகுதிரி, வள்ளத்துக்குப் பூசுகிற தார், எதுவானாலும் சரி. தடிப்பாக இரண்டு கை பூசி, பக்கங்களிலும் இரண்டு அங்குலம் இறக்கி விடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். தம்பலகாமத்தில் உறவினர் ஒருவரின் வளவில் கிணற்றுக்காக விழுத்திய சாவண்டலை. கணு இல்லாத, நேரான, நான் அதுவரை கையால் தொட்டதில் நல்ல துண்டு. மூதூரில் ஒரு கலியாணம். வந்து பூசுவோம் என்று விறாந்தையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால், வெட்டு முகத்தில் நடுவிலிருந்து நாலு பக்கமும் வெடிப்பு, கோழிக்காலை அழுத்திய மாதிரி. நகத்தை விட்டுப் பார்த்தேன், நகம் போனது. சவரத் தகட்டை விட்டேன், அதுவும் போனது. ஒவ்வொரு முனையிலும் ஒரு சாணுக்கு மேல் வெட்டி எறிந்த பிறகு மிஞ்சியதில் ஒரு சின்னப் பெடியனுக்குத்தான் வில் வந்தது. அதற்குப் பிறகு மரம் பார்க்கப் போகும்போதே பெயின்ட் பேணியும் தூரிகையும் சைக்கிளில் போகும்.

அடுத்தது பிளப்பது. வாளால் அரிய வேண்டாம். வாள் தன் வழியில் போகும், ஆப்பு நாரின் வழியில் போகும். நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடினால்தான் வில் உயிரோடு இருக்கும். சிறு முனையில் நடுவாக ஒரு வெடிப்பைத் தொடங்கி, அது ஓட ஓட அடுத்த ஆப்பை முன்னால் இறக்கி, பின்னாலிருப்பதைக் கழற்றிக்கொண்டு போங்கள். இடையில் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும் குறுக்கு நார்களைச் சின்னக் கோடாலியால் வெட்டிவிடுங்கள். பிளந்த முகம் கதவு மாதிரித் தட்டையாக வந்தால் அதிர்ஷ்டம். விசிறி மாதிரித் திரும்பினால் எவ்வளவு முறுக்கு என்று அப்போதே தெரிந்துவிடும். கொஞ்சம் திரும்புவதைப் பிறகு சூடு காட்டி நேராக்கலாம், கால்வட்டம் திரும்பினால் அடுப்புக்கு. பிளக்கவே மாட்டேன் என்று நார் கிழிந்து கிழிந்து வந்தால் அது பின்னல் மரம். வாளை எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்போதும் பட்டைக்கு அடியில் தெரியும் நார்க்கோட்டின் வழியே அரியுங்கள்.

இனி முதுகு. இதுதான் வெளிநாட்டு வழிகாட்டி நம்மைக் குழப்புகிற இடம். 'ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்றி முதுகைச் செதுக்கு' என்று எழுதியிருக்கும். பனியும் கோடையும் மாறி மாறி வருகிற நாட்டில் வளையம் தெளிவாகத் தெரியும். நம்ம மரங்களில் பலவற்றில் அந்த வளையத்தைத் தேடினால் கண்தான் வலிக்கும். தேக்கு மாதிரிச் சிலதில் தெரியும். தெரியாத மரத்துக்கு வழி இலகுவானது: பட்டையை உரியுங்கள், அடியில் வழுவழுப்பாக வருகிற அந்த முகமே முதுகு. மரம் தானே செய்து தந்த, ஒரு நாரும் அறுபடாத முகம். அதன்மேல் கத்தி, உளி, அரம் ஒன்றும் படக்கூடாது. பட்டையை இரும்பால் சுரண்டாமல், பாலை மரத்தில் மழுங்கலாகச் சீவிய ஒரு துண்டால் நெம்பி உரியுங்கள். பச்சையாக இருக்கும்போது வாழைச்சருகு உரிகிற மாதிரி வரும். இரண்டு கிழமை விட்டால் வராது. வெளியே உள்ள வெள்ளை மரத்தை, வெளிறு என்பார்களே, அதைக் கழித்து உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த நடுமரத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். தூணுக்கு வைரம் வேண்டும். வில்லின் முதுகுக்கு வெளிறு தாராளமாகப் போதும். யூ மரத்தில் வில் செய்தவர்களே வெளிறை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் வைத்தார்கள்.

பட்டையோடு வைத்தால் மெதுவாகக் காயும், வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நம்ம வெக்கைக்குப் பட்டைக்கு அடியில் வண்டு குடியேறிவிடும். ஒரு காலை பார்த்தால் கீழே மாவு கொட்டிக் கிடக்கும். ஆகவே உரித்துவிட்டு முதுகு முழுவதற்கும் வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். ஈரம் வயிற்றுப் பக்கத்தால் போகட்டும். வண்டுக்குப் பயமிருந்தால் வெண்காரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து வயிற்றுப் பக்கம் தடவலாம்.

அப்படியே பருத்த துண்டாக வைத்தால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பச்சையாக இருக்கும்போதே வாச்சியால் வில்லின் பருமட்டான உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலம் இரண்டு அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம், நடுவில் பிடி வரும் இடம் மட்டும் ஒன்றரை. வளைத்து மட்டும் பார்க்காதீர்கள், பச்சையில் ஒருமுறை வளைத்தாலும் வயிறு அதை மறக்காது. பிறகு ஒரு நேரான கனத்த மரத்தோடு சேர்த்து நாலைந்து இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், காயும்போது முறுகாமல் இருக்கும். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுத்த ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதனின் சாமான்களோடு முடிக்காத யூ வில் ஒன்றும் இருந்தது. நீளம் 1.82 மீற்றர், கோடாலித் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. பாதியில் நிறுத்திய வில்தடியோடு திரிந்தவர் அந்த மனிதர். உங்கள் தடியும் இப்போது அந்த நிலையில்தான்.

காயவைப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறேழு கிழமை வீட்டுக்குள், வெயிலும் காற்றும் படாத இடம். என்னுடையவை கட்டிலுக்கு அடியில் இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் கிடக்கும். வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை. பச்சை மரத்தில் முதலில் போவது குழாய்களுக்குள் நிற்கிற தண்ணீர். அது போகும்வரை மரம் சுருங்காது. ஈரம் 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரிலிருந்து ஈரம் போய்ச் சுருக்கம் தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வளையத்தின் வழியாகச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெடிப்பு, கோணல் எல்லாம் அந்தச் சண்டைதான். அந்தக் கட்டத்தில் மெதுவாகப் போக விட்டால் தப்பலாம்.

எங்கே நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? தராசு. கிழமைக்கொருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்துத் தடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். என்னுடைய கடைசிச் சாவண்டலைத் தடியில் எழுதியிருப்பது இப்படித்தான்: 2140 கிராமில் தொடங்கி, முதல் மாதம் மளமளவென்று இறங்கி, 1500க்குக் கிட்ட வந்ததும் கிழமைக்கு ஐந்து பத்துக் கிராம் என்று நொண்டியது. தொடர்ந்து மூன்று கிழமை ஒரே இலக்கம் காட்டினால், அந்த இடத்துக் காற்றோடு மரம் சமமாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இடத்துக் காற்றோடு என்பதைக் கவனியுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் மரம் 14 சதவீத ஈரத்துக்குக் கிட்டவே நின்றுவிடும், எத்தனை வருடம் வைத்தாலும். 60 சதவீதக் காற்றில் 11க்கு வரும். கடலைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு 9 வேண்டும் என்றால் கொஞ்சம் உதவி செய்யத்தான் வேண்டும். அதற்குத்தான் கச்சான் மாதங்களில் தடியைக் கட்டிலடியிலிருந்து எடுத்து ஓட்டுக் கூரைக்குக் கீழே முகட்டோடு கட்டுவது. அல்லது வெயிலில் கண்ணாடி பூட்டி நிற்கும் வான் வண்டிக்குள் இரண்டு மூன்று கிழமை போடலாம். சிலர் நீளப் பெட்டி அடித்து உள்ளே மின்குமிழ் போடுவார்கள். பழைய இழைக் குமிழாக இருக்க வேண்டும், எல்.ஈ.டி. போட்டால் தடிக்கு வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும். இதெல்லாம் எடை ஒருமுறை நின்ற பிறகு. பச்சைத் தடியை வானுக்குள் போட்டீர்களென்றால் உங்கள் முற்றத்துக் கதைதான் திரும்ப நடக்கும்.

ஆறு மாதம் பொறுக்க முடியாது, கூத்து கிட்ட வந்துவிட்டது என்றால் குறுக்கு வழி இரண்டு இருக்கிறது. ஒன்று மரக்காலையில் காய்ந்த பலகை. பத்துப் பலகையைப் புரட்டினால் ஒன்று கிடைக்கும்: முகத்திலும் விளிம்பிலும் நார்க்கோடு முனைக்கு முனை ஓட வேண்டும், இடையில் விளிம்பால் இறங்கி வெளியே போகக் கூடாது. கடைக்காரர் முறைத்துப் பார்ப்பார், அடுக்கைத் திரும்ப ஒழுங்காக வைத்துவிட்டு வாருங்கள். மற்றது, பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனங்கைமரம். எத்தனையோ மாரி, எத்தனையோ கச்சான் பார்த்துக் காய்ந்தது, அனுமதிப் பிரச்சினையும் குறைவு. பனையில் வளையமே கிடையாது. வெளியே கறுப்பு நார் நெருக்கமாக, உள்ளே போகப் போக மெத்தென்ற சோறு. வெளிப்பக்கத்தை முதுகாக வைத்துச் சோற்றைச் சீவுளியால் எடுத்துவிடுங்கள். சிலும்பு கையில் ஏறினால் ஒரு கிழமை நோகும், கையுறை போடுங்கள். கறையான் தின்ற பொந்து இருக்கிறதா என்று தட்டிக் கேட்டு எடுங்கள்.

மேடையில் அருச்சுனன் அம்பு விடவே வேண்டாம், நாணைச் சுண்டினால் போதும். அம்பு பூட்டாமல் முழுதாக இழுத்து விடவும் கூடாது. அந்த விசை போக இடமில்லாமல் வில்லிலேயே இறங்கி முறித்துவிடும் என்று பெடியனுக்குச் சொல்லிவையுங்கள்.

அந்த வெடித்த இரண்டாவது தடியை எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் ஒருமுறை பாருங்கள். வெடிப்பு தடியின் நீளப் போக்கிலேயே நாரோடு ஓடி, விளிம்புக்குப் போகாமல் நின்றிருந்தால் ஆபத்தில்லை. பசையை வெடிப்புக்குள் விரலால் அழுத்தி, நூல் சுற்றி இறுக்கிவிட்டால் போதும். விளிம்பால் வெளியேறியிருந்தால் அந்த இடம்வரை வெட்டிவிடுங்கள். நாலரை அடி மிஞ்சினால் சின்னப் பிள்ளைக்கு வில். அதற்குக் கீழே என்றால் மண்வெட்டிப் பிடி. அதுவும் காயட்டும், கட்டிலுக்கு அடியில்.